கம்போடியா கோயில்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அங்கோர் போக நினைக்கிறோம். ஒரே நாளில் முக்கியமானவற்றைப் பார்த்துவிட முடியுமா? (வாசகி, மதுரை)

முடியும், ஆனால் காசுக்கும் கண்ணுக்கும் நஷ்டம். நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாளும் தொடர்ந்து போக வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாள் வேண்டுமானாலும் போகலாம். வெயிலில் சுருண்டுவிட்டால் நடுவில் ஒரு நாள் அறையில் படுத்துக்கொள்ளலாம். சீட்டில் உங்கள் முகப்படம் இருக்கும், அதனால் பிறருக்குக் கொடுக்க முடியாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம், பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும். மாலை 5 மணிக்கு மேல் மறுநாளுக்கான சீட்டு வாங்கினால், அன்றைய அஸ்தமனத்தையும் அதிலேயே பார்த்துவிடலாம். கொண்டுபோகும் டாலர் நோட்டில் சிறு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் திருப்பித் தந்துவிடுவார்.

கோயில்களைச் சுற்றிவர வழக்கமாக இரண்டு பாதைகள். சிறு சுற்று சுமார் 17 கி.மீ.: அங்கோர் வாட், பாயோன், தா புரோம். பெருஞ்சுற்று சுமார் 26 கி.மீ.: பிரேயா கான், நியக் பியன், கிழக்கு மெபோன், பிரே ரூப். டுக்-டுக் (நம் ஆட்டோ போன்றது) பேசும்போது எந்தச் சுற்று, விடியலுக்கு முன் கிளம்புவதா, தள்ளி இருக்கும் பந்தேய் ஸ்ரேய் கோயிலும் சேருமா என்ற மூன்றையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான்.

தாய்லாந்திலிருந்து தரைவழியாக நுழையலாம் என்று எண்ணி அறை பதிவு செய்யாதீர்கள். 2025இல் இரு நாடுகளுக்கும் நடந்த மோதலின்போது அந்த எல்லை அடைக்கப்பட்டது. விமானத்தில் போவதே நிச்சயம். அங்கோரை ஒட்டிய ஊரான சியெம் ரீப்புக்கு 2023இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. திரும்பும் நாளில் அந்தப் பயண நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டுமா? (வாசகர், திருச்சி)

படங்களில் வரும் அந்தக் காட்சிக்காகக் காலை 5 மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். கோயில் மேற்கு நோக்கியது. அதனால் காலையில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும், கிடைப்பது கறுத்த நிழலுருவம். முகப்பு துலங்க வேண்டுமென்றால் பிற்பகல் 3 மணிக்கு மேல் போக வேண்டும். உதயம் பார்த்தவர்கள் பலர் காலை உணவுக்கு விடுதிக்குத் திரும்புவார்கள். நீங்கள் திரும்பாமல் 7.30க்குத் திறக்கும் தா புரோமுக்கு வண்டியை விடுங்கள். மரவேர் கவ்விய அந்தச் சுவர்களை நெரிசல் இல்லாமல் பார்க்க அதுவே நல்ல நேரம்.

உள்ளே, சுற்று மண்டபச் சிற்பங்கள்தான் சாரம். நம் வழக்கத்துக்கு மாறாக, அப்பிரதட்சிணமாக அவற்றைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். மேற்கில் தென்பாதி குருக்ஷேத்திரம், வடபாதி இலங்கைப் போர். தெற்கில் இக்கோயிலைக் கட்டிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலமும் சொர்க்க நரகங்களும். கிழக்கின் தென்பாதியில் சுமார் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. கதை நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் வாசுகியின் வால்பக்கம் தேவர்களோடு அனுமன் நிற்பதைத் தவறவிடாதீர்கள். கிழக்கு மண்டபத்துக்குக் காலை ஒளி, மேற்குக்கு மாலை ஒளி. உச்சிவேளையில் போனால் எல்லாமே தட்டையாகத் தெரியும்.

கேள்வி: காரைக்கால் அம்மையார் சிற்பம் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? (வாசகர், காரைக்குடி)

உண்மை. அது பந்தேய் ஸ்ரேயில் இருக்கிறது. கி.பி. 967இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில், கட்டியது மன்னனல்ல, யக்ஞவராகன் என்ற அரச குரு. உள் பிராகாரத்துக் கிழக்கு வாயிலின் மேலே முக்கோண முகப்பில் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார். அதன் கீழ் மூலையில், வற்றிய மார்பும் எலும்புடலுமாக உட்கார்ந்திருக்கும் பேயுருவைப் பாருங்கள். அவர் அம்மையார்தான் என்பது அறிஞர்கள் கருத்து. முகப்பு கிழக்கே பார்ப்பதால் காலையிலேயே போய்விட வேண்டும்.

சியெம் ரீப்பிலிருந்து 35 கி.மீ.க்கு மேல். டுக்-டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், அதனால் பலர் இதைக் கடைசி நாள் மாலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். என் கணக்கில் முதல் நாள் காலையிலேயே வைக்க வேண்டிய கோயில் இது. கட்டடம் சிறியது, நடுக்கோபுரம் 10 மீட்டரைக்கூடத் தொடாது. அதனால் செதுக்கல் எல்லாம் கண்ணுக்கு அருகிலேயே கிடைக்கிறது. கருவறைப் பகுதிக்குக் கயிறு கட்டியிருப்பார்கள், வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். 'நூலகம்' என்று அழைக்கப்படும் தெற்குச் சிறு கட்டடத்தின் கிழக்கு முகப்பில் கயிலையைப் பெயர்க்கும் இராவணன், மேற்கு முகப்பில் காமதகனம். இதே சீட்டு இங்கும் செல்லும். இன்னும் தொலைவிலுள்ள கோ கேருக்கும் குலென் மலைக்கும் தனிச் சீட்டு.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. சைவ உணவு வேறு. சமாளிக்கலாமா? (வாசகி, சேலம்)

சமாளிக்கலாம். அங்கோர் வாட்டின் உச்சித் தளத்தை மட்டும் அவர் தவிர்க்கட்டும். பழைய கற்படிகளின் மேல் மரப்படி போட்டிருந்தாலும் ஏற்றம் செங்குத்துதான், இறங்குவது இன்னும் கடினம். நீங்கள் ஏறுவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். தோள் தெரியும் உடைமேல் சால்வை மட்டும் போர்த்திக்கொண்டால் விடமாட்டார்கள். அட்டமி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பௌத்த நோன்பு நாள்களில் அந்தத் தளம் மூடியிருக்கும். வீட்டு நாள்காட்டியைப் பார்த்தே நாள் குறிக்கலாம், ஒரு நாள் முன்பின் ஆகலாம். சிற்ப மண்டபங்களுக்கு இவ்வளவு ஏற்றம் இல்லை, அம்மா நிதானமாக நடந்து பார்ப்பார்.

உணவில், 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறோ, பிராஹோக் என்ற புளித்த மீன் விழுதோ சேர்த்துவிடுவார்கள். இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சியெம் ரீப் ஊருக்குள் இந்திய உணவகங்கள் உண்டு. கோயில்களுக்குப் போகும் நாளில் பழமும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.