பழைய லேத்துக்கு வி.எப்.டி.: வாங்கும் முன் மோட்டரின் தகட்டை வாசியுங்கள்

கேள்வி: பழைய இங்கிலாந்து லேத் ஒன்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்து வீட்டுக் கொட்டிலில் வைத்திருக்கிறேன். தண்ணீர்ப் பம்புகளுக்குச் சாஃப்ட், புஷ் கடைவதுதான் வேலை. மோட்டர் 1 குதிரைவலு, மூன்று பேஸ். வீட்டுக்கு வருவது ஒற்றை பேஸ். மோட்டரை மாற்றச் சொல்கிறார் ஒருவர், வி.எப்.டி. என்ற மின்னணு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் போடச் சொல்கிறார் இன்னொருவர், ஒரேயடியாகக் கணினிக் கட்டளையில் ஓடும் சி.என்.சி. ஆக்கிவிடலாம் என்கிறார் மூன்றாமவர். எதை நம்புவது?
– வாசகர், கோண்டாவில்

பதில்: வி.எப்.டி. போடுங்கள். வீட்டின் 230 வோல்ட் ஒற்றை பேஸை எடுத்து மூன்று பேஸாக மாற்றித் தருவதோடு, வேகத்தையும் ஒரு குமிழில் கூட்டிக் குறைக்கலாம். ஒற்றை பேஸ் மோட்டரை மாற்றிப் போட்டால் இந்த வசதி கிடைக்காது. கப்பாசிட்டர் வைத்த அந்த மோட்டர்களைச் சாதாரண வி.எப்.டி.யில் ஓட்டவும் முடியாது.

ஆனால் கடைக்குப் போகும் முன் மோட்டரின் தகட்டைத் துடைத்து வாசியுங்கள். 230/400 வோல்ட் என்று இரண்டு எண் இருந்தால் நல்ல காலம். ஸ்டார், டெல்டா என்பவை மோட்டரின் மூன்று சுற்றுகளை இணைக்கும் இரண்டு முறைகள். இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றினால் போதும். 400 மட்டும் இருந்தால், மூன்று சுற்றுகளும் சேரும் ஸ்டார் முடிச்சு பெரும்பாலும் சுற்றுக்குள் புதைந்திருக்கும். வைண்டிங் செய்பவர் அதைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுத்துத் தர முடியும். அந்தக் கூலியை முதலில் கேட்டுக்கொண்டு பிறகு வி.எப்.டி. வாங்குங்கள். அப்படியே மெக்கர் என்ற சோதனைக் கருவியை வைத்து இன்சுலேஷனையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் வி.எப்.டி. தரும் துடிப்பு மின்சாரம் பழைய சுற்றுகளுக்குக் கொஞ்சம் கடுமையானது.

கடையில் குதிரைவலுவைப் பார்த்து வாங்காதீர்கள், அம்பியரைப் பாருங்கள். உங்கள் மோட்டர் டெல்டாவில் ஏறத்தாழ மூன்றரை அம்பியர் இழுக்கும். பெட்டியில் எழுதியுள்ள வெளியீட்டு அம்பியர் அதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். உள்ளீடு ஒற்றை பேஸ் 220 அல்லது 230 வோல்ட் என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். 380 வோல்ட் உள்ளீட்டுப் பெட்டியை மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

பழைய முன்-பின் சுவிட்ச் லேத்திலேயே இருக்கும். அதை மோட்டர் வயரில் அப்படியே விட்டு வி.எப்.டி.யை மாட்டுபவர்கள் பலர். ஓடும்போது வி.எப்.டி.க்கும் மோட்டருக்கும் நடுவில் இணைப்பை வெட்டினால் பெட்டி எரிந்துபோகலாம். மோட்டரை நேரே வி.எப்.டி.யில் இணைத்துவிட்டு, அந்தச் சுவிட்சை வி.எப்.டி.யின் கட்டளை முனைகளுக்கு மட்டும் கொடுங்கள். கைப்பிடி பழைய இடத்திலேயே வேலை செய்யும்.

உருப்படியைப் பிடிக்கும் உங்கள் சக் மரையில் ஏறுவதா என்று பாருங்கள். மரைச் சக் என்றால் திடீர் பிரேக்கும் திடீர் ரிவர்ஸும் அதைக் கழற்றி எறிந்துவிடும், ஆகையால் நிற்கும் நேரத்தைச் சில விநாடிகள் நீட்டி வையுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது லேத் தானாக ஓடத் தொடங்காதபடி அமைப்பது அதைவிட முக்கியம். சாவியைச் சக்கில் வைத்துவிட்டு நீங்கள் குனிந்திருக்கும் நேரத்தில் கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிவப்புக் காளான் சுவிட்ச் ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் கட்டாயம் பொருத்துங்கள். இந்த இரண்டும் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

பெல்ட், வேகத்தைக் குறைத்து முறுக்குவலுவைக் கூட்டும் பேக் கியர் எதையும் கழற்றாதீர்கள். வேகத்தைப் பாதியாக்கினால் வலுவும் பாதியாகும். குறைந்த வேகத்தில் மோட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். பெரிய விட்டம் கடையும்போது பேக் கியர்தான் கைகொடுக்கும்.

வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் எர்த் வயரைக் கழற்றச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். வி.எப்.டி.யின் கையேட்டில் எந்த வகை ட்ரிப் சுவிட்ச் பொருந்தும் என்று இருக்கும். அதைக் காட்டி மின் வேலை தெரிந்தவரிடம் தனி இணைப்புக் கேளுங்கள். மூடியைத் திறக்க நேர்ந்தால் கரண்டை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள், உள்ளே கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

சி.என்.சி.க்குப் பந்துத் திருகு (குண்டுகள் மேல் உருளும் திருகு), புது மோட்டர்கள், லேத்தின் தேயாத தளம் எல்லாம் வேண்டும். ஒரே உருப்படியை நூற்றுக்கணக்கில் கடைபவருக்கு அது பொருந்தும். ஒன்றொன்றாகச் சாஃப்ட் திருத்தும் உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: டிஜிட்டல் அளவுமானி போட்டால் தேய்ந்த லேத்தில் துல்லியம் வருமா?
– வாசகர், அச்சுவேலி

பதில்: திருகின் தேய்மானத்தை அது கடந்துவிடும், ஏனென்றால் வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் சறுக்கியின் நகர்வை நேரடியாக அளக்கிறது. தளம் தேய்ந்திருந்தால் அதை ஒன்றும் செய்யாது. குறுக்குச் சறுக்கிக்கு 5 மைக்ரோன் அளவில் காட்டும் ஸ்கேல் (அளவுமானியின் அளவுப் பட்டை) வாங்கினால் விட்டத்தில் 10 மைக்ரோனாக வரும். பம்பு வேலைக்கு அது போதும். குறுக்கே இடம் குறைவென்பதால் ஒல்லியான ஸ்கேலாகக் கேளுங்கள். சீவல் விழாத மூடியும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: வாங்கி இரண்டு கிழமையில் வி.எப்.டி. செத்துவிட்டது. உத்தரவாதம் இருந்தும் கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.
– வாசகர், சுன்னாகம்

பதில்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977க்கு அழைத்து வழி கேளுங்கள். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, தொடர் இலக்கம் தெரியும் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள். பெட்டியை நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம், திறந்ததையே காரணம் காட்டி மறுக்க அவருக்கு வழி கொடுத்ததாகிவிடும்.