கணக்கு டீச்சரிடம் கேளுங்கள்: டியூஷனில் வரும் தைரியம் வகுப்புக்கு வருமா?

கோபிசெட்டிபாளையத்தில் இருந்துகொண்டு ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது வேறு வழியில்லாமல் போனில் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. ஆன்லைன் டியூஷன் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பல்லடம், ஓர் அம்மா: பையன் ஒன்பதாவதுங்க. ஆன்லைன்ல டீச்சர் கேட்டா டக்குனு போடறான். ஸ்கூல்ல எழுப்பிக் கேட்டா வாயே வரமாட்டேங்குது. அப்புறம் எதுக்குங்க டியூஷன்?

உங்கள் கோபம் நியாயம்தான். ஒருவர் முன்னால் தப்பு விடுவது வேறு, நாற்பது பேர் முன்னால் விடுவது வேறு. சிரிக்க ஆளில்லாத இடத்தில் தப்பு விடலாம் என்பதே ஆன்லைனில் கிடைக்கும் பெரிய லாபம். ஆனால் அதை வகுப்பு வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது சொல்லிக்கொடுப்பவர் வேலை. பல பேர் அதைச் செய்வதில்லை.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். -3-4 எவ்வளவு என்றால் 7 என்பான். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று எப்போதோ மனப்பாடம் செய்தது. அது பெருக்கலுக்கு உண்டான விதி என்பது மறந்துவிட்டது. சமன்பாடு போட்டால் பாதி இடத்தில் குறி தப்பும், விடை வராது. தனக்குக் கணக்கே ஏறாது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். "மூணு ரூபா கடன் இருக்கு, இன்னும் நாலு ரூபா கடன் வாங்கினா கையில ஏழு ரூபா இருக்குமாடா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். நாற்பது பேர் வகுப்பில் இந்தத் தப்பு எங்கே ஆரம்பித்தது என்று தேட எந்த டீச்சருக்கு நேரம் இருக்கிறது?

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதியது இங்கே பொருந்தும். நம்மால் முடியும் என்ற எண்ணம் நாலு வழியில் வருகிறது என்றார். அதில் பலமானது, தானே செய்து ஜெயித்துப் பார்ப்பது. அடுத்தவர் வாயால் கேட்கும் "உன்னால முடியும்" அதற்குப் பின்னால்தான்.

உங்கள் டியூஷன் டீச்சரிடம் ஒன்று கேளுங்கள்: நாளை பள்ளியில் நடக்கப்போகும் பாடத்தில் கால்மணி நேரம் இன்றே பார்த்துவிட முடியுமா? அப்புறம் பையனுக்கு ஒரே வீட்டுப்பாடம், வாரத்தில் ஒரு நாள் வகுப்பில் தானாகக் கை தூக்குவது. பேசக் கூச்சமென்றால் போர்டில் போய் ஒரு கணக்கு எழுதட்டும். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது சுலபம்.

சோமனூர், ஓர் அப்பா: வீட்டுலயே தறி ஓடுதுங்க. சத்தத்துல மைக் போட முடியல. பொண்ணு கேமராவும் ஆஃப் பண்ணிக்கறா.

மைக்கையும் கேமராவையும் விட்டுவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. காதில் ஹெட்போன் இருந்தால் டீச்சர் சொல்வது கேட்கும், பதிலை டைப் செய்யட்டும். முகத்தைக் காட்டச் சொல்லி அதட்டினால் பிள்ளை இன்னும் சுருங்கும். போனை ஒரு சொம்பின் மேல் படுக்க வைத்து, கேமரா நோட்டைப் பார்க்கும்படி செய்யுங்கள். எனக்குத் தேவை அவள் கை எழுதுகிறதா, எங்கே தயங்குகிறது என்பதுதான்.

திருப்பூர், ஓர் அம்மா: நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேங்க. தெரியலைன்னா மெதுவா எடுத்துக் கொடுப்பேன். தப்புங்களா?

தப்புங்க. எனக்கும் கேட்கும், உங்கள் பிள்ளைக்கும் தெரியும்: அம்மா இல்லாமல் விடை வராது என்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். நெட் இழுக்கும்போது தானாகவே ஒரு மூன்று நொடி கிடைத்துவிடுகிறது, அது ஒரு வரம். ஷிப்ட் முடிந்து வந்து அலுப்பாக இருப்பீர்கள், அந்த நேரம் அடுக்களையில் ஒரு டீ போட்டுக் குடியுங்கள்.

பொள்ளாச்சி, பத்தாம் வகுப்பு மாணவி: அக்கா, கணக்குன்னாலே பயம். பொதுத்தேர்வுக்கு எங்க இருந்து ஆரம்பிக்கறது?

முதல் அத்தியாயத்தில் ஆரம்பிக்காதே கண்ணு. உன் வினாத்தாளில் வடிவியல் வரைவதற்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. சேர்த்தால் 30, பாஸ் 35. ஸ்கேலும் காம்பஸும் பிடிக்கத் தெரிந்தால் தொடுகோடு வரைந்துவிடலாம், சரியா தப்பா என்று உன் கண்ணுக்கே தெரியும். டியூஷனில் முதல் பத்து நாள் இதை மட்டும் கேட்டு வாங்கு. பாடநூலில் இருக்கும் கியூஆர் குறியீட்டைத் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் வீடியோ வரும், இலவசம்.

கோவை, ஓர் அப்பா: தனியாகச் சொல்லித்தருவது நல்லதா, இருபது பேர் இருக்கும் ஆன்லைன் வகுப்பு போதுமா?

தனி வகுப்புக்குப் பலன் அதிகம். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1984இல் சொன்ன அளவு பெரிதல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டினாலும், பலன் இருப்பதில் சந்தேகமில்லை. கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் மூன்று நான்கு பேர் சேர்ந்து படிக்கட்டும். இருபது பேர் என்றால் அது இன்னொரு பள்ளிக்கூடம்தான், உங்கள் பிள்ளை அங்கேயும் கடைசி பெஞ்சில் உட்காரும்.

திருச்செங்கோடு, ஓர் அம்மா: டியூஷனில் சொன்ன முறையில் போட்டதற்கு ஸ்கூலில் திட்டு வாங்கி வந்தாள். இப்போது இரண்டிலும் நம்பிக்கை போய்விட்டது.

இது நிறைய வீட்டில் நடக்கிறது. பள்ளி நோட்டைப் படம் எடுத்து டியூஷன் டீச்சருக்கு அனுப்பி, அதே முறையில் போகச் சொல்லுங்கள். குறுக்குவழியெல்லாம் அப்புறம்.

காங்கேயம், ஒரு தாத்தா: பேரன் எட்டாவது. அவனுக்கு அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க. நான் அஞ்சாவதோட நின்னவன். நான் என்னத்தப் பண்றதுங்க டீச்சர்?

ஐயா, நீங்கள்தான் சரியான ஆள். டியூஷன் முடிந்ததும் திண்ணையில் உட்கார வைத்து, இன்று படித்ததை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். தனி வட்டி பாடம் வந்ததென்றால், நூறுக்கு மாசம் ரெண்டு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 24 என்பான். "அதெப்படிடா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டிருங்கள்.