வெண்மை எங்கிருந்து வருகிறது? டைட்டானியம் டை ஆக்சைடு: கேள்வி பதில்

பெயின்ட் சோதனைக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி, இப்போது கீழக்கரையில் ஓய்வாக இருக்கும் நம் உறுப்பினர், டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி குறித்து இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

தேவிபட்டினம் வாசகி: ஐயா, எங்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். காய்ந்திருக்கும்போது பளிச்சென்று இருக்கிறது. மழையில் நனைந்தால் அடியிலுள்ள பழைய கறை தெரிகிறது. பக்கத்து வீட்டு வெள்ளை பெயின்ட் நனைந்தாலும் அப்படியே இருக்கிறதே, எப்படி?

இந்த நிறமியின் முழு இயல்பும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாலிநோக்கம் உப்பளத்தில் தெளிவான ஓர் உப்புப் பரலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தால், அது கண்ணாடித் துண்டு போல ஒளியை உள்ளே விடும். அதே உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடக்கும்போது கண் கூசுமளவுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. உப்புக்கென்று வெள்ளை நிறம் கிடையாது. பரலுக்கும் காற்றுக்கும் இடையே ஒவ்வொரு முகத்திலும் ஒளி வளைந்து, சிதறி, எல்லா நிறங்களும் கலந்து நம் கண்ணுக்குத் திரும்பி வருவதைத்தான் வெண்மை என்கிறோம். ஒரு கரண்டி தூளுப்பில் தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், வெண்மை மங்கிவிடும். ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். உப்பினுடையது 1.54, எண்ணெயினுடையது ஏறத்தாழ 1.45, வேறுபாடு குறைந்ததால் சிதறலும் குறைந்துவிட்டது.

உங்கள் சுவரிலும் இதுதான் நடக்கிறது. சுண்ணாம்பு காய்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது அதன் எண் சுமார் 1.6. துளைகளில் காற்று (1.0) இருக்கும்வரை வேறுபாடு பெரிது. மழைநீர் (1.33) புகுந்ததும் வேறுபாடு பாதிக்கும் கீழே இறங்கி, பூச்சு ஒளியை ஊடுருவ விடுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் என்ற படிக வடிவத்துக்கோ இந்த எண் சுமார் 2.7, வைரத்துக்கே 2.42தான். தண்ணீர் சூழ்ந்தாலும், பெயின்டில் நிறமியைப் பிடித்துவைக்கும் பசையான ரெசின் (சுமார் 1.5) சூழ்ந்தாலும் பெரிய வேறுபாடு எஞ்சி நிற்பதால், பக்கத்து வீட்டுச் சுவர் மழையிலும் வெள்ளையாக இருக்கிறது.

இராமநாதபுரம் பெயின்டர்: விலை மலிவான வெள்ளையில் இந்தச் சரக்கு போதுமான அளவு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தனியே தூள் வாங்கிக் கலந்துகொள்ளலாமா?

மலிவான மேட் பெயின்ட்களில் டைட்டானியத்தைக் குறைத்துச் சுண்ணத்தூளையும் டால்க்கையும் மிகுதியாகச் சேர்ப்பார்கள்; காய்ந்தபின் உள்ளே தங்கும் காற்றுக் குமிழ்களே அப்போது மறைப்பைத் தருகின்றன. ஆகவே அட்டையில் கறுப்புக் கோடு ஒன்று போட்டு, அதன் மேல் பூசி, நன்றாகக் காயவிட்டு, ஈரத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரத்தில் கோடு மேலெழுந்து தெரிந்தால் அங்கே வேலை செய்வது காற்று, டைட்டானியம் அன்று.

தூளை நீங்களே கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துகள் 0.2 முதல் 0.3 மைக்ரான் அளவில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்தால்தான் சிதறல் உச்சத்தை எட்டும். குச்சியால் கலக்கும்போது துகள்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆலையிலேயேகூட ஓரளவுக்கு மேல் சேர்த்தால் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றின் பயனை மற்றொன்று கெடுத்துவிடும். செலவு ஏறுமே ஒழிய மறைப்புத் திறன் ஏறாது.

பாம்பன் மீனவர்: ஃபைபர் வள்ளத்துக்கு அடித்த வெள்ளை ஒரே வருடத்தில் மாவு போலக் கையில் ஒட்டுகிறது. போலிச் சரக்கா, ஐயா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. இடத்துக்குப் பொருந்தாத சரக்காக இருக்கலாம். இந்த நிறமி புற ஊதாக் கதிரை உட்கொள்ளும்போது, அதன் மேற்பரப்பில் நீரும் ஆக்சிஜனும் வினைபுரிந்து, சுற்றியுள்ள ரெசினை அரிக்கும் வீரியமான பொருள்கள் உருவாகின்றன. இந்த ஒளிவினையூக்கப் பண்பின் மூலம் நீரையே பிரிக்கலாம் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் காட்டினார்கள். அறிவியலுக்கு அது வரம். வள்ளத்தின் பூச்சுக்கோ கேடு. ரெசின் அரிந்து போனதும் பற்றுக்கோடு இழந்த நிறமிதான் உங்கள் கையில் மாவாக ஒட்டுகிறது. இந்த நிறமியின் இன்னொரு படிக வடிவமான அனடேஸில் இந்த வினை கடுமையாகவும், ரூட்டைலில் குறைவாகவும் இருக்கும். வெளிப்புறப் பெயின்டுக்கான ரூட்டைல் துகள்களுக்கு அலுமினா, சிலிக்கா ஆகியவற்றால் மெல்லிய உறையும் போடுவார்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை, உட்புறப் பெயின்டுக்கு வந்த அனடேஸ் மூட்டை தவறுதலாக வெளிப்புறப் பெயின்டுக்குப் போய்விட்டது. மொட்டை மாடியில் வெயில் காய வைத்திருந்த தகடுகளை விரலால் தடவியபோது ரேகை முழுவதும் வெள்ளையாகப் படிந்த அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை. நீங்கள் மறுபடி அடிக்கும்போது பழைய மாவை உப்புத்தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்ட பிறகே அடியுங்கள். மாவின் மேல் அடித்த பெயின்ட் மாவோடு சேர்ந்து உரிந்துவிடும். வெறும் வெயிலே ரெசினைச் சிதைக்கும் என்பதால், எவ்வளவு நல்ல சரக்கானாலும் என்றென்றும் நிற்காது.

மண்டபம் கல்லூரி மாணவி: கடற்கரையில் அலை விட்டுச்செல்லும் கறுப்பு மணலிலிருந்துதான் இந்த வெள்ளைத் தூள் வருகிறதா?

பெருமளவு ஆமாம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம் சாதாரண மணலைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தியானது. ஆகவே அலை இலேசான மணலை இழுத்துப்போக, இது கோடாகத் தங்கிவிடுகிறது. ஆனால் எல்லாக் கறுப்புக் கோடும் இல்மனைட் அன்று. சாதாரண காந்தத்தில் பாய்ந்து ஒட்டிக்கொள்வது மாக்னடைட். செழுமையான படிவுகள் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறையிலும் உள்ளன. திருவனந்தபுரத்து ஆலை கந்தக அமில முறையில் அனடேஸையும், சவறை ஆலை குளோரின் முறையில் ரூட்டைலையும் எடுக்கின்றன. டைட்டானியம் என்ற தனிமத்தை 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகர் என்ற பாதிரியார் கண்டறிந்ததும் இப்படிப்பட்ட ஒரு கறுப்பு மணலில்தான்.

தொண்டி வாசகர்: மிட்டாயிலும் இதைச் சேர்க்கிறார்களாமே?

சேர்த்திருக்கிறார்கள், பொதியில் 171 என்ற எண்ணைப் பாருங்கள். மரபணுவுக்குத் தீங்கு நேராது என்று உறுதி கூற முடியாததால் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இதை உணவிலிருந்து விலக்கியது. அமெரிக்காவில் எடையில் 1 விழுக்காடு வரை அனுமதி உள்ளது. வெறும் வெண்மைக்காகச் சேர்ப்பதால், குழந்தைகளுக்கு வாங்குவதைத் தவிர்ப்பதே என் கருத்து. பெயின்டர்கள் காய்ந்த பூச்சைத் தேய்க்கும்போது அந்தத் தூசியை மூச்சில் இழுக்காமல், நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசத்தை (N95 போன்றது) அணிந்துகொள்ள வேண்டும்; வெறும் துணி போதாது.

தங்கச்சிமடம் வாசகர்: விலை உயர்ந்த பெயின்ட் அடித்தும் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து உதிர்கிறது. எந்த வெள்ளையை அடிப்பது?

இதற்கு நிறமி பொறுப்பன்று. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைச் சுமந்து வந்து, பெயின்ட் படலத்துக்குப் பின்னால் படிகமாக்கித் தள்ளுகிறது. எத்தனை டைட்டானியம் இருந்தாலும் இதைத் தடுக்காது. முதலில் ஈரம் ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். அதுவரை அந்த இரண்டடி உயரத்துக்குச் சுண்ணாம்பே அடியுங்கள். மழையில் கறை தெரிந்தாலும், ஈரத்தை வெளியே விடுவதால் அது பாளம் பாளமாக உரியாது.