கோவாவின் உள்ளூர் வரலாற்றில் உங்களை மிகவும் கவர்ந்த நிகழ்வு எது?

கோவா என்றாலே போர்த்துக்கீசியர், பழைய தேவாலயங்கள், 1961 டிசம்பரில் இந்திய இராணுவம் நுழைந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், அம்மக்களின் அரசியல் தெளிவு வெளிப்பட்டது மகாராஷ்டிரத்துடன் இணைவதா வேண்டாமா என்று 1967 ஜனவரி 16 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில்தான் என்பேன்.

விடுதலைக்குப் பின் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில், கோவாவை மகாராஷ்டிரத்துடன் இணைப்போம் என்று வெளிப்படையாகச் சொல்லியே மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. சுரங்கத் தொழிலதிபர் தயானந்த் பந்தோட்கர் முதலமைச்சரானார். கோவா மக்கள் பேசும் கொங்கணி தனி மொழியன்று, மராத்தியின் வட்டார வழக்கே என்பது இணைப்புத் தரப்பின் வாதம். ஐக்கிய கோவர் கட்சித் தலைவர் ஜாக் டி செக்வேராவோ, ஒரு நிலப்பகுதியின் இருப்பையே முடிவு செய்யும் கேள்வியைச் சட்டமன்றப் பெரும்பான்மையிடம் விட்டுவிடக் கூடாது, மக்களிடமே நேரடியாகக் கேட்க வேண்டும் என்று தில்லியில் விடாமல் வலியுறுத்திவந்தார். 1966 டிசம்பரில் அதற்கான சட்டம் நிறைவேறியது. வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காகப் பந்தோட்கர் அமைச்சரவையும் பதவி விலகியது.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் யாரும் இல்லை. மகாராஷ்டிரத்துடன் இணைய விரும்புவோர் பூவுக்கும், யூனியன் பிரதேசமாகவே நீடிக்க விரும்புவோர் இரட்டை இலைக்கும் எதிரே பெருக்கல் குறியிட வேண்டும். (தமிழ்நாட்டில் இரட்டை இலை தேர்தல் களத்துக்கு வந்தது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில்; கோவா முந்திக்கொண்டுவிட்டது.) பிரசாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மட்காவில் இருந்து வெளிவந்த 'ராஷ்ட்ரமத்' நாளிதழின் பங்குதான். மகாராஷ்டிரத்துடன் இணையக் கூடாது என்ற வாதத்தை அது மராத்தியிலேயே எழுதி, மராத்தி படித்து வளர்ந்த இந்துக் குடும்பங்களுக்குள் கொண்டுசேர்த்தது. உல்ஹாஸ் புயாவ் போன்ற பாடகர்கள் கொங்கணிப் பாடல்களோடு ஊர் ஊராகச் சென்றார்கள். மகாராஷ்டிரத்தில் மதுவிலக்குச் சட்டம் இருந்ததால், இணைந்தால் தென்னங்கள் இறக்குவோரின் பிழைப்பு என்னவாகும் என்ற கேள்வியும் எழுந்தது.

இரட்டை இலைக்கு 1,72,191 வாக்குகளும் பூவுக்கு 1,38,170 வாக்குகளும் விழுந்தன; வேறுபாடு 34,021. கிறித்தவர்கள் ஒருபுறம், இந்துக்கள் மறுபுறம் என்று இதைச் சுருக்கிச் சொல்வோர் உண்டு. இந்துக்களே பெரும்பான்மையாக இருந்த இடத்தில், அவர்களில் ஒரு பகுதியினரும் சேர்ந்து வாக்களிக்காமல் இந்த முடிவு வந்திருக்க முடியாது என்பதால், அந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை.

இதைவிட வியப்பு, அடுத்து வந்த தேர்தலில்தான். இணைப்பை நிராகரித்த அதே மக்கள், இரண்டே மாதங்கள் கழித்து, 1967 மார்ச்சில், இணைப்புக் கட்சியான பந்தோட்கரின் கட்சியையே மீண்டும் ஆட்சியில் அமர்த்தினார்கள். 1964-இல் குத்தகை விவசாயிகளுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும், பள்ளிக்கூடமே இல்லாத ஊர்களுக்குப் பள்ளிகளைக் கொண்டுசென்றதும் அவருடைய ஆட்சி என்பதை எளிய மக்கள் மறக்கவில்லை. அவர் 1973-இல் மறையும்வரை முதலமைச்சராக இருந்தார். அவருக்குப் பின் மகள் சசிகலா காகோட்கர் அப்பொறுப்புக்கு வந்தார். கோவா தனி மாநிலமானது 1987 மே 30 அன்று. வாக்கெடுப்பில் வென்ற செக்வேரா ஒருபோதும் முதலமைச்சராகவில்லை.