அண்ணாச்சி பதில்கள்: கடைசி பஸ்ஸும் ஹேஷ்டேக்கும்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டைல எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் படிக்கேன். சம்மர்ல 45 நாள் இன்டர்ன்ஷிப், மெட்ராஸ்ல சினிமாவுக்கு ப்ரோமோஷன் பண்ணுத ஒரு கம்பெனில கெடச்சிது. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறும்போது எங்க ஆச்சி கூட, நடிகர் யாரையாவது பாத்தா போட்டோ எடுத்து அனுப்புட்டீன்னு சொல்லி விட்டா. போயி பாத்தா ஒரு மொட்டமாடி ரூமு, ஓடாத ஏசி, பெரிய எக்ஸெல் ஷீட்டு. தெனம் சாயங்காலம் 5 மணிக்கு போஸ்டர் வரும், கூடவே ஹேஷ்டேக் வரும், நாங்க ஆறு பேரு ஆளுக்கு பத்து அக்கவுண்ட்ல அதப் போட்டுட்டு கீழ நாங்களே 'வெறித்தனம்'னு கமெண்ட் எழுதிக்கிடணும். படம் ரிலீஸ் ஆவுறதுக்கு மொத நாளே 'இப்பதான் பாத்துட்டு வாரேன், அழுதுட்டேன்'னு எழுதச் சொன்னாவ. பாக்காத படத்துக்கு எப்படி சார் அழுவேன்னு கேட்டேன், டீம் லீட் சிரிச்சிட்டுப் போயிட்டாரு. மாசாமாசம் இல்லாட்டியும் கடைசில தாரேன்னு சொன்ன ஸ்டைபண்டு காசும் வரல.

ஒரே ஒரு நல்ல நாளு எதுன்னா, ரிலீஸ் அன்னைக்கு என்னைய நம்மூருக்கே அனுப்பி, தியேட்டர் வாசல்ல நின்னு ஜனங்ககிட்ட பேசிட்டு வரச் சொன்னாவ. சாயங்கால ஷோ முடியதுக்கு முன்னாடியே முக்கூடல்காரி அக்கா ஒருத்தி பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு, ஒத்தச் செருப்ப கைல தூக்கிக்கிட்டு ஓடுதாவ. ஏன்க்கா ஓடுதியன்னா, 'கடைசி பஸ்ஸு போயிரும்மா, முடிவு என்னன்னு நாளைக்கு யாருட்டயாவது கேட்டுக்கிடுதேன்'ங்காவ. இத நான் ஆபீஸ்க்கு எழுதி அனுப்புனேன், பதிலே இல்ல. 45 நாளும் வேஸ்ட்டா அண்ணாச்சி? ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல என்னத்த எழுத?

பதில்: தாயி, அந்த ஒத்தச் செருப்பத்தான் எழுதணும். மத்த 44 நாள ஒரு பாராவுல முடிச்சிரு.

கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு தெரியாம இந்தப் பக்கம் படம் ஓட்டுனவன் எவனும் சம்பாதிச்சதில்ல கேட்டியா. நான் தொண்ணூறுகள்ல ஜங்ஷன் பக்கம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல ரெப்பா இருந்தவன். ரெப்புன்னா படத்துக்காரன் சார்பா தியேட்டர் கவுண்டர்ல உக்காந்து, எத்தன டிக்கெட்டு கிழிஞ்சிதுன்னு எண்ணி டி.சி.ஆர்.ங்கிற தெனசரி வசூல் ஷீட்ல கையெழுத்துப் போடுத வேல. அப்ப எங்களுக்கு மார்க்கெட்டிங்னு ஒரு வார்த்தையே தெரியாது, பப்ளிசிட்டிம்போம், அதுக்கு எங்களுக்கு வாத்தியாரு போஸ்டர் ஒட்டுத ஒரு பெரியவரு. ராத்திரி ஒரு மணிக்கு மண்ணெண்ண டின்ல மைதாவக் காச்சி, கொஞ்சம் துருச, அதான் மயில்துத்தத்த, பொடிச்சிப் போட்டு, சைக்கிள் ஹேண்டில்பார்ல வாளியத் தொங்க விட்டுக்கிட்டு கெளம்புவாரு, சிவகாசில அச்சடிச்ச போஸ்டர் கேரியர்ல இருக்கும். ஒருநா வண்ணார்பேட்டைல நல்லா வழவழன்னு பெரிய செவுரு ஒண்ணு சும்மா கெடக்கு, அத விட்டுட்டு, தள்ளி ஒரு கோணச் செவுத்துல போயி ஒட்டுதாரு. என்ன அண்ணாச்சி நல்ல செவுர விட்டுட்டியளேன்னேன். 'அந்தச் செவுத்துகிட்ட பஸ்ஸு வேகமாப் போவும்ல, எவன் பாப்பான்? இங்கன திரும்புத இடம், பிரேக் போட்டுத்தான் ஆவணும், ஜன்னல் சீட்டுக்காரன் கண்ணு நேரா இதுலதான் விழும்'னாரு. நீ படிக்க மீடியா பிளானிங் பாடம்லாம் இதத்தான் தாயி சொல்லுது, என்ன, கொஞ்சம் இங்கிலீஷ்ல சொல்லுது.

உங்க கம்பெனிக்காரன் வ்யூஸ் வ்யூஸ்னு குதிச்சிருப்பான், அதயும் கொஞ்சம் புரிஞ்சிக்கோ. ட்ரெய்லர யூடியூப்ல விளம்பரமா ஓட விட்டா, ஸ்கிப் பண்ணாம 30 செகண்டு பாத்தாலே அது ஒரு வ்யூ கணக்குல ஏறிரும், வேற ஏதோ சமையல் வீடியோ பாக்க வந்தவன் ஸ்கிப் பட்டன அமுக்க மறந்தாலும் ஒரு வ்யூதான். இந்த ஆட்டம் ரொம்ப முத்திப்போயி, 2019 செப்டம்பர்ல யூடியூப்காரனே, மியூசிக் வீடியோவோட 24 மணி நேர ரெக்கார்டுக்கு காசு குடுத்து ஓட்டுன வ்யூவ சேக்க மாட்டேன்னுட்டான். ஆன்லைன் விளம்பரமே வேண்டாம்னு நான் சொல்லல, நம்மூர் பயலுவளும் ட்ரெய்லர மொதல்ல போன்லதான் பாக்கானுவ. ஆனா வ்யூவுக்கும் டிக்கெட்டுக்கும் நடுவுல ஒரு முக்கூடல் பஸ்ஸு நிக்கி. அது மாடி ரூம்ல இருக்கவனுக்குத் தெரியாது.

பாக்காத படத்துக்கு அழச் சொன்ன விஷயத்துல நீ கேட்டது ரொம்ப சரி. இத எல்லாரும் பண்ணுதாங்க, சினிமால இதெல்லாம் சகஜம்பான், அத நம்பாத. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல வந்துது, அதுக்குக் கீழ 2022-ல தவறான விளம்பரங்களத் தடுக்க வழிகாட்டுதல் போட்டிருக்காவ, ஒரு பொருளப் பத்தி ஒருத்தர் பரிந்துரை சொன்னா அது அவரோட நெசமான கருத்தா, வெவரம் தெரிஞ்சோ அனுபவிச்சோ சொல்லுததா இருக்கணும்னு அதுல இருக்கு. அதே 2022 நவம்பர்ல ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே ஐ.எஸ். 19000-னு ஒரு தர நிர்ணயமும் வந்துது. அதக் கட்டாயம்னு ஆக்கல, இஷ்டம்னா பின்பத்தலாம்ங்கிற மாதிரிதான் விட்டிருக்காவ, அதனால யாரும் பெருசா கண்டுக்கிடல, அது வேற கத. ரிப்போர்ட்ல கம்பெனி பேரச் சொல்லி சண்டைக்குப் போவாம, 'இப்படி ஒரு வேல குடுத்தாங்க, இந்த வழிகாட்டுதல்படி இது சரியில்ல'ன்னு ரெண்டு வரி எழுது. வைவால எக்ஸ்டர்னல் எக்ஸாமினரு நிமிந்து உக்காருவாரு.

ரிப்போர்ட்டுக்கு ஒரு வழி சொல்லுதேன். ஸ்வாட் அனாலிசிஸ்னு பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்துன்னு நாலு கட்டம் போட்டு பக்கத்த ரொப்பாத, அத வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைளும் போட்டு வாத்தியாருக்கே சலிச்சிருக்கும். நம்மூர்லயே ரெண்டு தியேட்டர் மேனேஜரப் போயிப் பாரு, காலேஜ் லெட்டர் கொண்டு போ, வெறுங்கையோட போவாத, மிக்சர் ஒரு பாக்கெட்டாவது வாங்கிக்கோ. ஒரு வாரத்துக்கு ஷோ வாரியா எத்தன சீட்டு நெறஞ்சிதுன்னு கேளு. கூடவே பஸ் ஸ்டாண்டுல போயி முக்கூடல், அம்பாசமுத்திரம், களக்காட்டுக்கெல்லாம் கடைசி வண்டி எத்தன மணிக்குன்னு எழுதிக்கோ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதும், சாயங்கால ஷோவ அரை மணி நேரம் முன்னாடி வச்சா என்ன ஆவும்னு நீயே எழுதிருவ. ஸ்டைபண்டுக்கு, ஆஃபர் லெட்டர்ல தொகை போட்டிருந்தா காலேஜ் ப்ளேஸ்மென்ட் ஆபீசர் வழியா மெயில் போடு. வாய் வார்த்தைன்னா... அடுத்த தடவ வாய் வார்த்தைய நம்பி ரயில் ஏறாத.

கேள்வி: தியேட்டர் வட்டாரத்துல 'டி.கே. ஏரியா'ன்னு பேசிக்கிடுதாவளே, அது என்ன? (கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்)

பதில்: திருநெல்வேலி-கன்னியாகுமரி. தமிழ்நாட்ட வினியோகத்துக்காக ஏரியா ஏரியாவா பிரிச்சி வச்சிருக்காவ, மெட்ராஸ் சிட்டி, என்.எஸ்.சி.னா வட ஆற்காடு-தென் ஆற்காடு-செங்கல்பட்டு, கோயம்புத்தூர், சேலம், எம்.ஆர்.னா மதுரை-ராம்நாடு, டி.டி.னா திருச்சி-தஞ்சாவூர், கடைசில நம்ம டி.கே. தூத்துக்குடி 1986-ல தனி மாவட்டம் ஆச்சு, தென்காசி 2019-ல ஆச்சு, ஆனா சினிமாக்காரன் மேப்புல இன்னும் ரெண்டும் டி.கே.தான். சங்கரன்கோவில்காரன் நான் தென்காசி மாவட்டம்லான்னு சண்ட போட்டா டிஸ்ட்ரிபியூட்டர் காதுல ஏறாது.

கேள்வி: எம் மவ சினிமா ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் போவணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. எங்க வீட்டுக்காரரு கூடவே கூடாதுங்காவ. எனக்கும் பயமாத்தான் இருக்கு. (ஒரு அம்மா, அம்பாசமுத்திரம்)

பதில்: பயப்படுததுல தப்பில்லம்மா, ஆனா பயந்து பூட்டி வைக்கதுக்குப் பதிலா விசாரிச்சி அனுப்புங்க. லெட்டர்ஹெட்ல ஆஃபர் லெட்டர் இருக்கா, வேல நேரம் போட்டிருக்கா, ஆபீஸ் எங்கன இருக்கு, ராத்திரி ஈவண்டுன்னா திரும்பி வர வண்டி யாரு குடுப்பா, இத பிள்ளைய விட்டே போன் போட்டுக் கேக்கச் சொல்லுங்க. பத்து பேரு, அதுக்கு மேல வேல பாக்க எடம்னா பாலியல் தொந்தரவு புகார விசாரிக்க உள்புகார் குழு இருந்தே ஆவணும்னு 2013 சட்டம் சொல்லுது, பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கும் அது பொருந்தும். அத விடச் சின்ன ஆபீஸ்னா மாவட்ட அளவுல உள்ளூர்க் குழு இருக்கு. 'உங்க ஆபீஸ்ல கமிட்டில யாரு மேடம்'னு கேட்டதும் எதிர்ல இருக்கவன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிரும். உங்க வீட்டுக்காரர ஒரு நடை கூடப் போயி எடத்தப் பாத்துட்டு வரச் சொல்லுங்க, கோவம் கொஞ்சம் கொறையும்.

கேள்வி: அப்பல்லாம் பிலிம் பெட்டி வரலன்னு படம் நிக்குமாமே, இப்பதான் எல்லாம் டிஜிட்டலாச்சே, ஏன் இன்னும் மொத ஷோ கேன்சல் ஆவுது? (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: இப்ப கீ வரலன்னு நிக்கி. படம் ஹார்டு டிஸ்க்லயோ சாட்டிலைட்லயோ மொதலே வந்துரும், ஆனா பூட்டு போட்டு வரும், கே.டி.எம்.னு ஒரு கீய இந்தத் தியேட்டர்ல இந்தத் தேதிக்குன்னு தனியா அனுப்புனாத்தான் தெறக்கும். பைசா பாக்கி செட்டில் ஆவலன்னா கீ வராது. அப்ப பெட்டி ரயில்ல சிக்கும், இப்ப கீ பாக்கில சிக்குது.

கேள்வி: போஸ்டர் பசைல துருசு எதுக்கு அண்ணாச்சி? (டீக்கடைக்காரர், தச்சநல்லூர்)

பதில்: பூச்சி அரிக்காது, பசை சட்டுனு புளிச்சிப் போவாது. மாடும் வாய் வைக்காதும்பாவ. நான் கண்ணால பாத்தத சொல்லுதேன், எங்க போஸ்டர மோந்து பாத்துட்டு, பக்கத்துல ஒட்டியிருந்த அடுத்த கம்பெனி படத்து போஸ்டர முழுசா உரிச்சித் தின்னுட்டுப் போச்சு ஒரு மாடு. அந்த வாரம் எங்களுக்கு நல்ல கலெக்சன்.