புதிய வீரர்கள் தேறுவார்களா? பையனின் 400 டாலரை இப்போது எடுக்காதீர்கள்

கேள்வி: சான்டா கிளாராவில் வசிக்கிறோம். என் மகனுக்கு 13 வயது. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி என்றால் அவனுக்கு உயிர். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தெரிவு செய்யும் டிராஃப்டில் இந்த ஆண்டு எங்கள் அணி எடுத்தவர்களுக்கு ஓர் இணையதளம் ‘ஏ’ என்று மதிப்பெண் போட்டிருக்கிறது, இன்னொன்று ‘டி’ போட்டிருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ஒருவர், மூன்றாம் சுற்றில் வந்த வீரரின் படம் போட்ட, அவர் கையெழுத்திட்ட சேகரிப்பு அட்டையை 400 டாலருக்குத் தருகிறேன், இரண்டு ஆண்டில் பல மடங்காகும் என்கிறார். பையன் பிறந்தநாள் பணத்தை எடுத்து வைத்துக் காத்திருக்கிறான். இந்த வீரர்கள் தேறுவார்களா என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அட்டையை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. காரணத்தைச் சொல்வதற்கு முன் அந்த மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே மதிப்பெண் போடுகிறவரிடம், டிராஃப்டுக்கு முன்பே அவர் தயாரித்து வைத்த பட்டியல் ஒன்று இருக்கும். அணியின் தெரிவு அந்தப் பட்டியலோடு ஒத்துப்போனால் ‘ஏ’, ஒத்துப்போகாவிட்டால் ‘டி’. வேறு எதை வைத்து அவர் போட முடியும்? அந்த வீரர்களில் ஒருவர்கூட இன்னும் ஓர் ஆட்டம் ஆடவில்லை. 2012இல் உங்கள் அணியின் பரம எதிரியான சியாட்டில் சீஹாக்ஸ் எடுத்த வீரர்களைப் பல விமர்சகர்கள் கேலி செய்தார்கள். ‘எஃப்’ போட்டவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் இரண்டாம் சுற்றில் வந்தவர் பாபி வாக்னர், மூன்றாம் சுற்றில் வந்தவர் ரசல் வில்சன். 2014 பிப்ரவரியில் சீஹாக்ஸ், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் கோப்பையைத் தூக்கியது. மதிப்பெண் போட்டவர்கள் அடுத்த ஆண்டும் வழக்கம்போலப் போட்டார்கள், யாரும் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தாங்க முடியாத விஷயம் இதுதான்.

உங்கள் அணியிலேயே பாருங்கள். 2017இல் மூன்றாவது இடத்தில் சாலமன் தாமஸை எடுத்தார்கள், எல்லோரும் பாராட்டினார்கள். அதே டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில், 146ஆவது இடத்தில், பெரிய ஆரவாரம் இல்லாமல் வந்தவர் ஜார்ஜ் கிட்டில். இன்று பையனின் அறைச் சுவரில் யாருடைய படம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாசி என்பவரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே நிலையில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 52 விழுக்காடுதான். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். கோடிக்கணக்கில் செலவழித்து, ஆண்டு முழுவதும் ஆள்களை ஊர் ஊராக அனுப்பும் அணிகளுக்கே இந்த நிலை.

அப்படியானால் நீங்கள் எதைப் பார்ப்பது? இரண்டே விஷயங்கள் போதும். இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம்.

முதலாவது, அவர் கல்லூரியில் எவ்வளவு ஆடினார் என்பது. எவ்வளவு பிரமாதமாக ஆடினார் என்று நான் கேட்கவில்லை. எத்தனை ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தே களத்தில் நின்றார் என்று பாருங்கள். இணையத்தில் ஓடும் மூன்று நிமிட வீடியோக்களைப் பார்த்து மயங்காதீர்கள். அவற்றில் பந்து நழுவிய ஆட்டம் ஒன்றாவது இருக்கிறதா? இரண்டாவது, அவருடைய இடத்தில் இப்போது அணியில் யார் இருக்கிறார், அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது. தேறிய முதல்தர வீரர் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தோடு முன்னால் நின்றால், புதியவர் எவ்வளவு திறமைசாலியானாலும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். இடம் காலியாக இருந்தால் சுமாரான வீரருக்கும் வாய்ப்புக் கிடைக்கும், ஆட ஆடத் தேறியும் விடுவார். திறமையை உங்களால் அளக்க முடியாது. வாய்ப்பை அளக்க முடியும்.

40 கெஜத்தை எத்தனை விநாடியில் ஓடினார் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். எறியும் பந்தைப் பிடிப்பதே வேலையான ஜான் ராஸ் 2017இல் 4.22 விநாடியில் ஓடிச் சாதனை படைத்தார், ஒன்பதாவது இடத்தில் எடுக்கப்பட்டார். முதல் சீசனில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. பின்னாளில் உங்கள் அணிக்கும் ஆடிய அன்குவான் போல்டின் மெதுவாக ஓடியதால்தான் 2003இல் இரண்டாம் சுற்றுவரை காத்திருந்தார். முதல் சீசனிலேயே 101 பந்துகளைப் பிடித்தார். இந்த ஓட்டத்தை அளப்பது இண்டியானாபொலிஸில் டிராஃப்டுக்கு முன் ஆண்டுதோறும் நடக்கும் பரிசோதனை முகாமில்; அங்கே அணிகள் உண்மையில் தேடுவது மருத்துவ அறிக்கையை. முழங்கால் எப்படி இருக்கிறது, தோள் எப்படி இருக்கிறது என்பதை அணி மருத்துவர்கள் அழுத்திப் பார்க்கிறார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசும் பேரம்போல, விலையை முடிவு செய்கிற அந்தத் தகவல் வெளியே நிற்பவர் கண்ணில் படவே படாது. ஓட்ட நேரம் மட்டும் தொலைக்காட்சியில் வரும். நமக்குக் காட்டப்படுவது உதவாத பாதி.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ரசிகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியின் ஆட்டத்தை நடத்துகிறவர். ‘முதல் ஆண்டு ஆடவில்லை, ஆகவே தேறமாட்டார்’ என்ற கணக்கு இவருக்குப் பொருந்தாது. பேட்ரிக் மஹோம்ஸ் 2017இல் பத்தாவது இடத்தில் வந்தார். அந்த ஆண்டு அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்து, கடைசி ஆட்டத்தை மட்டும் தொடங்கினார். மறு ஆண்டே லீக்கின் தலைசிறந்த வீரர். ஆரன் ராஜர்ஸ் மூன்று ஆண்டு காத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஜோர்டன் லவ்வும் மூன்று ஆண்டு காத்திருந்தார்.

ஆனால் ‘காத்திருக்கிறார், ஆகவே பெரிய ஆளாக வருவார்’ என்று இதைத் திருப்பிப் போடவும் கூடாது. அதற்கு உங்கள் அணிதான் சாட்சி. 2021இல் ட்ரே லான்ஸுக்காக மூன்று முதல் சுற்றுத் தெரிவுகளைக் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறினார்கள். அவர் கல்லூரியில் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் 17. ஃபார்ட்டி நைனர்ஸில் தொடங்கியவை நான்கு. 2022இன் இரண்டாவது ஆட்டத்தில் கணுக்கால் முறிந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தெரிவுக்கு டல்லாஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் வந்த பிராக் பர்டி, அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு ஆடியவர். அணியை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனவர் அவர். 2025இல் ஐந்து ஆண்டுக்கு 265 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்றார். காயம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை, லான்ஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் குவார்ட்டர்பேக் விஷயத்தில் நான் முதலில் சொன்ன கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: கல்லூரியில் எவ்வளவு ஆடினார்?

ஆகஸ்டு மாத முன்பருவ ஆட்டங்கள் ஓரளவு உதவும். புதியவர் முதல் கால்பகுதியில் முன்னணி வீரர்களோடு இறங்குகிறாரா, எல்லோரும் எழுந்து போன பிறகு கடைசியில் இறங்குகிறாரா என்று பாருங்கள். முன்பு நான்கு ஆட்டங்கள் இருந்தன, 2021 முதல் மூன்றுதான். புதிய வீரர்களுக்கு இருந்த ஒரே மேடையையும் சுருக்கிவிட்டு, சீசன் டிக்கெட் கட்டில் அந்த ஆட்டங்களையும் சேர்த்து விற்பதை மட்டும் லீக் விடவில்லை. கடைசித் தீர்ப்புக்கு மூன்று சீசன் முடிய வேண்டும். முதல் சுற்று வீரருக்கு ஐந்தாம் ஆண்டு நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை மூன்றாம் சீசனுக்குப் பிந்தைய மே மாதத்துக்குள் அணி சொல்லியாக வேண்டும். சாலமன் தாமஸுக்கு வேண்டாம் என்றார்கள். எந்த விமர்சகரின் மதிப்பெண்ணையும்விட அது நம்பகமானது, ஏனென்றால் அங்கே அணி தன் சொந்தப் பணத்தை வைக்கிறது.

இனி அட்டைக்காரர். இவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: ‘அடுத்த கிட்டில் இவர்தான்.’ மூன்றாம் சுற்று என்றால் ஃபிரெட் வார்னரும் வரலாம், 2018இல் வந்தார். 2021இல் அதே சுற்றில் வந்த ட்ரே சர்மனை அடுத்த சீசன் தொடங்கும் முன்பே அணி விடுவித்துவிட்டது. அவருக்கும் அட்டை இருந்தது, அதையும் யாரோ ஒரு பையன் வாங்கியிருப்பான். ஒரே வீரரின் அட்டையைப் பல நிறங்களில், பல எண்ணிக்கையில் அச்சிடுகிறார்கள். ‘அரிதானது’ என்று உங்களிடம் சொல்லப்படும் அட்டைக்கு ஏராளமான உடன்பிறப்புகள் இருக்கும். கையெழுத்து அட்டையிலேயே போடப்பட்டதா, ஒட்டுத்தாளில் போட்டு ஒட்டப்பட்டதா என்பதிலேயே விலை மாறும். டிராஃப்ட் முடிந்த வாரங்களில்தான் எல்லோருக்கும் நம்பிக்கை உச்சத்தில் இருக்கும், விலையும் அப்போதுதான் ஏறி நிற்கும். தெரிந்தவரிடம் வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று நினைக்கிறீர்கள். தெரிந்தவரிடம் ரசீது கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், அவருக்கு வேண்டியதும் அதுதான்.

பையனுக்கு ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே இரண்டாவது ஒப்பந்தம் பெற்றுவிட்ட வீரரின் ஜெர்சியை வாங்குங்கள். அவர் தேறிவிட்டவர், பையனும் சில ஆண்டாவது போட்டுக்கொள்வான். புதியவரின் அட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கையெழுத்து இல்லாத சாதாரண அட்டை சில டாலருக்குக் கிடைக்கும், அது போதும். பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: அடுத்த ஆண்டு செப்டம்பரில் இதே அட்டையை 400 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு தாளில் எழுதித் தருவீர்களா?