இடுப்பு வலியோட தியானத்துல உக்காந்தா நெனப்பு தான் கூடுது, என்ன பண்றது?

வணக்கம் மேடம்,

எனக்கு 41 வயசு, கொடைக்கானல்ல டூரிஸ்ட் டாக்சி ஓட்றேன், சொந்த வண்டி, ட்யூ போயிட்டிருக்கு. ரெண்டு மூணு வருஷமா இடுப்பு வலி. எம்ஆர்ஐ எடுத்ததுல டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு, ஆபரேஷன் தேவையில்ல, எக்சர்சைஸ் பண்ணுங்க, கனம் தூக்காதீங்கன்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டாரு. மாத்திரை போட்டா அன்னைக்கு தேவலாம் போல இருக்கும், மறுநா வத்தலக்குண்டு எறங்கி ஏறுனா பழைய கதை தான். டம்டம் பாறைகிட்ட பார்ட்டி எறங்கி போட்டோ எடுக்கிறப்ப நான் கதவ புடிச்சுகிட்டு தான் எறங்குவேன், அவங்க திரும்பி பாக்குறதுக்குள்ள நிமிந்து நின்னுக்குவேன், டிரைவருக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்கல்ல.

வலியக்கூட தாங்கிக்கிறேன் மேடம், மண்டைக்குள்ள ஓடுறத தான் தாங்க முடியல. ராத்திரி படுத்தா சுரீர்னு ஒரு இழு இழுக்கும், ஒடனே ஆரம்பிச்சிரும், இன்னும் எத்தன வருஷம் ஓட்ட முடியும், வண்டிய வித்தா ட்யூ போக என்ன மிஞ்சும், பாப்பா இப்ப தான் பதினொண்ணாவது படிக்குது, எங்கப்பாவும் கடைசில இப்படித்தான் படுத்த படுக்கையா கெடந்தாரு, நானும் அப்படி ஆயிருவேனோ... மணி ரெண்டு மூணு ஆயிரும். காலைல ஆறு மணிக்கு சவாரி இருக்கும்.

ஸ்டாண்டுல இருக்கிற அண்ணன் ஒருத்தர், தியானம் பண்ணுடா சரியாயிரும்னு ஒரு வகுப்புக்கு கூட்டிட்டு போனாரு. சம்மணம் போட்டு கண்ண மூடுங்க, மனச வெறுமையா வச்சுக்கோங்க, எந்த எண்ணமும் வரக்கூடாதுன்னாங்க. அஞ்சு நிமிஷத்துல இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, நெனப்பு முன்னவிட ஜாஸ்தியா வருது, பக்கத்துல எல்லாரும் அமைதியா உக்காந்திருக்காங்க, எனக்கு மட்டும் அழுக வந்துருச்சு. வீட்லயும் போன்ல போட்டு உக்காந்து பாத்தேன், அதே தான். எனக்கெல்லாம் தியானம் ஒத்து வராதா? எண்ணத்த கவனி கவனின்னு சொல்றாங்களே, கவனிச்சா வலி போயிருமா? வீட்ல இதெல்லாம் சொல்லல மேடம், பயந்துக்குவா.

பேர் வேண்டாம், கொடைக்கானல்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்கு தியானம் ஒத்து வரும். அந்த வகுப்புல சொல்லிக்கொடுத்த விதம் தான் உங்க நெலமைக்கு ஒத்து வரல. டிஸ்க் பிதுங்கினவர சம்மணம் போட வச்சு, மனசுல எந்த எண்ணமும் வரக்கூடாதுன்னு சொன்னா யாருக்கா இருந்தாலும் அழுக வரத்தான் செய்யும். இப்படி சொல்றவங்க மேல எனக்கு உண்மையாவே கோவம் வருது, ஏன்னா கஷ்டத்தோட வந்தவங்க "என்னால இதுவும் முடியல"ன்னு இன்னொரு பாரத்த தூக்கிகிட்டு திரும்பி போறாங்க.

எண்ணத்த வராதேன்னு தடுத்தா அது கூடத்தான் செய்யும். டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் 1987ல இத சோதிச்சு காட்டினாரு. காலேஜ் பசங்கள உக்கார வச்சு, அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடிய மட்டும் நெனைக்காதீங்க, நெனப்பு வந்தா மணி அடிங்கன்னு சொன்னாரு. மணி அடிச்சுகிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் இப்ப நெனைக்கலாம்னு விட்டப்போ, மொதல்லயே நெனைக்க சொல்லப்பட்டவங்கள விட இவங்களுக்கு தான் கரடி அதிகமா வந்துச்சு. நீங்க ராத்திரி "வண்டிய விக்கிறத பத்தி நெனைக்கவே கூடாது"ன்னு மல்லுக்கட்டுறீங்கல்ல, அங்கயும் இதே தான் நடக்குது.

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். இப்ப ஊர் ஒலகமெல்லாம் பேசுற இந்த கவனிக்கிற தியானம் ஆஸ்பத்திரிக்குள்ள வந்ததே உங்கள மாதிரி வலிக்காரங்களுக்காகத்தான். ஜான் கபாட்-ஜின்னுங்கறவரு 1979ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரில ஒரு பயிற்சியா ஆரம்பிச்சாரு, மருந்து மாத்திரையால முழுசா தீராத நாள்பட்ட வலியோட இருந்தவங்கள டாக்டருங்க அவர்கிட்ட அனுப்பினாங்க. அதுல முக்கியமான ஒரு பயிற்சி படுத்துகிட்டே பண்றது. சம்மணமே வேண்டாம்.

கவனிச்சா வலி போயிருமான்னு கேட்டீங்க. போயிரும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 342 பேர வச்சு பண்ணின ஒரு அமெரிக்க ஆய்வு 2016ல வெளியாச்சு. வழக்கமான வைத்தியம் மட்டும் பாத்தவங்கள்ல 100க்கு 44 பேருக்கு 26 வாரத்துல நடமாட்டம், அன்றாட வேலையெல்லாம் குறிப்பிடத்தக்க அளவுக்கு சுலபமாச்சு, இந்த தியானப் பயிற்சியும் சேத்து எடுத்தவங்கள்ல 100க்கு 60 பேருக்கு. எண்ணங்கள மாத்தி பழகுற சிகிச்சை எடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன் கெடச்சுது. மந்திரம் கெடையாது, ஆனா முயற்சி பண்ணி பாக்குற அளவுக்கு பலன் இருக்கு.

அது எப்படி வேல செய்யுதுன்னா, "வலிய தாங்கிக்கிறேன், மண்டைக்குள்ள ஓடுறத தாங்க முடியல"ன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த வரிய எழுதும்போதே பாதி வேலைய நீங்க முடிச்சிட்டீங்க. புத்தர் இத ரெண்டு அம்புன்னு சொன்னாரு, ஒடம்புல பட்ட அம்பு ஒண்ணு, அதுக்காக மனசு துடிக்கிற துடிப்பு ரெண்டாவது அம்பு. உங்க டிஸ்க்குல வர்ற சுரீர் மொதல் அம்பு. ட்யூ, பாப்பா படிப்பு, அப்பா கெடந்த கட்டில் இதெல்லாம் ரெண்டாவது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டும் ஒண்ணா கலந்து ஒரே வலியா தெரியுது. அது மட்டுமில்ல, பயம் வந்தா முதுகுச் சதை தன்னால இறுகும், தூக்கம் கெட்டா மறுநாள் அதே வலி கூடுதலா ஒறைக்கும், அப்ப ரெண்டாவது அம்பு மொதல் அம்ப இன்னும் உள்ள தள்ளுது. நாம பண்ணப்போறது ரெண்டையும் பிரிச்சு பாக்குறது, அவ்ளோதான்.

பாயில மல்லாந்து படுங்க, முழங்கால மடக்கி அடில ஒரு தலகாணி குடுத்துக்கோங்க, உங்க ஊர் குளிருக்கு கம்பளி கட்டாயம் வேணும், நடுங்கினா சதை இறுகிரும். கண்ண மூடினா படபடன்னு வருதுன்னா தொறந்தே வச்சுக்கோங்க, தப்பில்ல. கால் விரல்லேர்ந்து ஆரம்பிச்சு பாதம், கெண்டைக்கால், தொடைன்னு மெதுவா ஒவ்வொரு எடமா கவனிச்சுகிட்டே மேல வாங்க, அங்க சூடா இருக்கா, மரத்திருக்கா, ஒண்ணுமே தெரியலயா, எதுவா இருந்தாலும் சரி. இடுப்புக்கு வந்ததும் அவசரப்பட்டு தாண்டாதீங்க. வலின்னு ஒரே வார்த்தைல முடிக்காம கிட்ட போய் பாருங்க, அது இழுப்பா, எரிச்சலா, குத்தலா, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, மூச்ச விடும்போது கொஞ்சம் தளருதா இறுகுதா. நெறைய பேரு "அது ஒரே மாதிரி இல்ல மேடம், நகருது"ன்னு சொல்லியிருக்காங்க. தாங்க முடியலன்னா கவனத்த உள்ளங்கைக்கோ பாதத்துக்கோ மாத்திக்கோங்க, பெறகு தெம்பிருந்தா திரும்பி வரலாம், வலியோட வீம்பு புடிக்க வேண்டாம்.

இதுக்கு நடுவுல நெனப்பு வரும், வரட்டும். "வண்டிய வித்துரணும்"னு வந்தா மனசுக்குள்ள "வண்டிய விக்கிற நெனப்பு வந்திருக்கு"ன்னு சொல்லிக்கோங்க. "அப்பா மாதிரி ஆயிருவேன்"னு வந்தா "அப்பா நெனப்பு, கூடவே பயம், நெஞ்சுல இறுக்கம்". அது உண்மையா பொய்யான்னு அப்ப விசாரிக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம், கணக்கு போட வேண்டாம், பேர் வச்சுட்டு விட்ட எடத்துக்கே திரும்புங்க. ஒரு தடவ படுத்தா அம்பது தடவ இழுத்துட்டு போகும், அம்பது தடவயும் திரும்புறது தான் பயிற்சி. ஆரம்பத்துல பத்து நிமிஷம் போதும். வண்டி ஓட்டும்போது மட்டும் இத பண்ணிராதீங்க, மலைப்பாதைல கவனம் முழுக்க ரோட்ல தான் இருக்கணும். ஸ்டாண்டுல சவாரிக்கு நிக்கிறப்ப நடந்துகிட்டே பாதம் தரைல படுறத கவனிக்கலாம், இடுப்புக்கும் நல்லது.

ட்யூ கவலைய கவனிச்சே கரைச்சிரலாம்னு நான் சொல்லல, அது நெசமான கவலை. ஆனா அத பகல்ல, நோட்டும் பேனாவும் வச்சுகிட்டு, வீட்டுக்காரம்மாவோட உக்காந்து பேசணும். பயந்துக்குவாங்கன்னு எழுதியிருக்கீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க பொரளுறது பக்கத்துல படுத்திருக்கவங்களுக்கு தெரியாமலா இருக்கும்? என்னன்னு தெரியாம பயப்படுறது தான் அவங்களுக்கு பெரிய கஷ்டம். அப்பாவுக்கு என்ன வியாதி இருந்துச்சு, அதுக்கும் உங்க டிஸ்க்குக்கும் சம்பந்தம் உண்டான்னு டாக்டர்கிட்ட நேராவே கேட்டுருங்க, அந்த ஒரு பதில்லயே பாதி ராத்திரி தூக்கம் திரும்பலாம்.

பெருமாள்மலைல போதி ஜென்டோ இருக்கே, அமா சாமிங்கற ஏசு சபை பாதிரியார் 1996ல ஆரம்பிச்ச ஜென் தியான மையம், அங்க போலாமான்னு உங்களுக்கு தோணலாம். ஜென் முறைலயும் எண்ணத்த அடிச்சு வெரட்ட மாட்டாங்க, ஆரம்பத்துல மூச்ச ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணுவாங்க, விட்டுப்போச்சுன்னா மறுபடி ஒண்ணு. ஆனா தூக்கமே இல்லாம மனசு இவ்ளோ அலையுற நேரத்துல நாள் கணக்கா மவுனமா உக்காருறது இப்ப வேண்டாம்னு தான் சொல்வேன். கொஞ்சம் தேறினப்புறம் பாத்துக்கலாம்.

எக்சர்சைஸ விட்டுராதீங்க, தியானம் அதுக்கு பதில் ஆகாது. காலு மரத்துப்போய் பாதத்த தூக்க முடியலன்னாலோ, ரெண்டு தொடைக்கு நடுவுல உணர்ச்சி கொறஞ்சாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியாம போனாலோ, போகவே முடியாம அடைச்சாலோ ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு போயிருங்க. வாழ்றதே வேண்டாம்னு நெனப்பு வந்தா அத தனியா கவனிச்சுகிட்டு உக்காராதீங்க, 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், அரசாங்க சேவை, காசு கெடையாது, ராத்திரி எத்தன மணிக்கும் தமிழ்லயே பேசலாம்.

8 வாரம் பண்ணிட்டு எனக்கு எழுதுங்க, வலி எவ்ளோ கொறஞ்சுதுன்னு மட்டும் எழுதாம ராத்திரி எத்தன மணிக்கு தூங்குறீங்க, வீட்ல பேசினீங்களான்னும் சேத்து எழுதுங்க.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்